பெப்பர்ஸ் குழுவில் கிட்டார் ஆள் மட்டும் ஏன் மாறிக்கொண்டே இருந்தார்?

கேள்வி இதுதான்: அமெரிக்க ராக் குழுவான ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸில் பாடகரும் பேஸ் வாசிப்பவரும் தொடக்கத்திலிருந்து அதே ஆட்கள். டிரம்மரும் 1988க்குப் பிறகு மாறவில்லை. கிட்டாருக்கு மட்டும் ஏன் இத்தனை பேர்? ஜான் ஃப்ருஷாந்தே வாசிக்காத ஆல்பங்களைக் கேட்பது வீண் வேலையா?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். அதிகாரபூர்வமாக எட்டுப் பேர் அந்த இடத்தில் நின்றிருக்கிறார்கள். ஆனால் 13 ஸ்டுடியோ ஆல்பங்களை ஐந்தே பேர்தான் பகிர்ந்துகொண்டார்கள்: ஹில்லல் ஸ்லோவாக்குக்கு இரண்டு, ஜாக் ஷெர்மனுக்கு ஒன்று, டேவ் நவாரோவுக்கு ஒன்று, ஜாஷ் கிளிங்ஹாஃபருக்கு இரண்டு, மீதி ஏழும் ஃப்ருஷாந்தேவுக்கு. மற்ற மூவரும் வந்த சுவடு தெரியாமல் போனவர்கள்.

ஏன் என்பதற்கு என் பதில் இந்தக் குழு பாட்டு கட்டும் முறையில் இருக்கிறது. பல குழுக்களில் ஒருவர் வீட்டிலேயே பாட்டை எழுதி எடுத்து வருவார், மற்றவர்கள் வாசிப்பார்கள். அங்கே கிட்டார் ஆள் போனால் பழைய ஆல்பத்தைக் கேட்டு அப்படியே வாசிக்கத் தெரிந்த இன்னொருவர் போதும். பெப்பர்ஸ் பெரும்பாலும் அப்படி வேலை செய்வதில்லை. ஓர் அறையில் கூடுவார்கள், மணிக்கணக்கில் ஜாம் செய்வார்கள் (எழுதி வைக்காமல் தோன்றியதைச் சேர்ந்து வாசிப்பது), அதில் தட்டுப்படும் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு பாடகர் ஆந்தணி கீடிஸ் வரிகளை எழுதுவார். அவர் வாத்தியம் வாசிப்பவர் இல்லை. ஃப்ளீ பேஸ், சாட் ஸ்மித் டிரம்ஸ். ஆக, பாட்டுக்கு கார்டும் (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) மெட்டும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது பெரும்பாலும் அந்த ஒரு கிட்டார் கையில் இருக்கிறது. ஆள் மாறினால் பாட்டை எழுதுகிறவர்களில் ஒருவரே மாறிவிட்டார் என்று அர்த்தம்.

இன்னொரு காரணம் நட்பு. இது விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்த குழு கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ் ஃபேர்ஃபாக்ஸ் உயர்நிலைப் பள்ளியில் ஒன்றாகத் திரிந்த பையன்கள். ஹில்லல் இஸ்ரேலின் ஹைஃபாவில் பிறந்தவர், ஃப்ளீ ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில். ஃப்ளீயின் இயற்பெயர் மைக்கேல் பால்சாரி. அப்போது அவர் டிரம்பெட் வாசிக்கிற பையன். ஹில்லலும் டிரம்மர் ஜாக் ஐயன்ஸும் நடத்திய குழுவுக்கு பேஸ் ஆள் தேவைப்பட்டபோது, ஃப்ளீயைக் கற்றுக்கொள்ளச் சொல்லி உட்கார வைத்தவர் ஹில்லல்தான். ராக் உலகின் மிகப் பெரிய பேஸ் வாசிப்பாளர்களில் ஒருவர் என்று இன்று சொல்லப்படுகிறவர் பேஸ் பக்கம் வந்ததே அந்தச் சிநேகிதத்தால். பின்னாளில் கிட்டாரோடு வந்த ஒவ்வொருவரும் தெரிந்தோ தெரியாமலோ நின்றது ஹில்லலின் இடத்தில்.

1982-83 வாக்கில், ஹாலிவுட்டில் ஒரு சின்ன கிளப்பில், நண்பர் ஒருவரின் நிகழ்ச்சிக்கு முன்னால் ஒரே ஒரு பாட்டு மட்டும் வாசிக்க கீடிஸ், ஃப்ளீ, ஹில்லல், ஐயன்ஸ் நால்வரும் மேடை ஏறினார்கள். அன்று குழுவின் பெயர் டோனி ஃப்ளோ அண்ட் தி மிராக்குலஸ்லி மெஜஸ்டிக் மாஸ்டர்ஸ் ஆஃப் மேஹெம். விளையாட்டுக்கு வைத்த பெயர், விளையாட்டுக்குப் போட்ட நிகழ்ச்சி. கூட்டத்துக்குப் பிடித்துவிட்டது, மறுபடி கூப்பிட்டார்கள். ஆனால் ஹில்லலுக்கும் ஐயன்ஸுக்கும் 'வாட் இஸ் திஸ்' என்ற குழுதான் உண்மையான வேலை. இரண்டு குழுக்களுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ரெக்கார்டு கம்பெனி ஒப்பந்தம் கிடைத்ததும், இருவரும் தங்கள் சொந்தக் குழுவோடு போய்விட்டார்கள். அதனால் பெப்பர்ஸின் முதல் ஆல்பத்திலேயே பெப்பர்ஸில் பாதிப் பேர் இல்லை.

அந்த 1984 ஆல்பத்தில் கிட்டார் ஜாக் ஷெர்மன், டிரம்ஸ் கிளிஃப் மார்ட்டினெஸ். தயாரித்தவர் கேங் ஆஃப் ஃபோர் குழுவின் ஆண்டி கில். மேடையில் காட்டுத்தனமாகக் குதிக்கிற குழுவை ஸ்டுடியோவில் துடைத்துச் சுத்தமாக்கிவிட்டார் என்று கீடிஸுக்கும் ஃப்ளீக்கும் கோபம். ஷெர்மன் தேர்ந்த கலைஞர், ஒழுங்கானவர், பயிற்சியில் கறார். அந்த இருவரின் அப்போதைய வாழ்க்கைமுறைக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. 1985 தொடக்கத்தில் அவரை அனுப்பிவிட்டு, தன் குழுவில் சலித்துப்போயிருந்த ஹில்லலை அழைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு, தாளத்தை முன்னிறுத்தும் ஃபங்க் இசையின் பெருந்தலையான ஜார்ஜ் கிளின்டன் தயாரிப்பில், டெட்ராய்ட்டில், 'ஃப்ரீக்கி ஸ்டைலி' வந்தது. அதன் சில பாடல்களின் எழுத்தில் ஷெர்மனுக்கும் பங்கு உண்டு. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன். மார்ட்டினெஸ் 1986இல் விலகினார். வருத்தப்பட ஒன்றும் இல்லை, பிறகு அவர் திரைப்பட இசையமைப்பாளராகி, 'டிராஃபிக்', 'டிரைவ்' மாதிரிப் படங்களுக்கு இசையமைத்து வேறொரு புகழ் சம்பாதித்துவிட்டார்.

மார்ட்டினெஸ் போனதும் ஐயன்ஸும் திரும்பினார். போதைப் பழக்கத்துக்காகக் கீடிஸையே கொஞ்ச நாள் வெளியேற்றி, சிகிச்சைக்குப் பிறகு சேர்த்துக்கொண்டதும் அந்த 1986இல்தான். இப்படியாக நான்கு நண்பர்களும் ஒன்றாக வாசித்த ஒரே ஆல்பம் 1987இன் 'தி அப்லிஃப்ட் மோஃபோ பார்ட்டி பிளான்'. 1988 ஜூன் 25 அன்று ஹெராயின் ஹில்லலைக் கொண்டுபோனது. வயது 26. கீடிஸ் இறுதிச் சடங்குக்குக்கூடப் போகவில்லை, மெக்சிகோவுக்கு ஓடிவிட்டார். நண்பர்கள் சாகிற குழுவில் தன்னால் இருக்க முடியாது என்று ஐயன்ஸ் ஒதுங்கிக்கொண்டார். (ஆல்டர்நேட்டிவ் ராக் வரலாற்றில் இவருக்கு இன்னொரு இடம் உண்டு. 1990இல் எடி வெடர் என்ற பாடகரின் கையில் சியாட்டில்காரர்களின் டெமோ டேப் ஒன்றைக் கொடுத்தவர் இவர். அதிலிருந்து பிறந்தது பேர்ல் ஜாம். சில ஆண்டுகள் கழித்து அந்தக் குழுவுக்கே டிரம்மராகவும் போனார்.)

மிச்சமிருந்த இருவரும் ஜார்ஜ் கிளின்டனின் பார்லிமென்ட்-ஃபங்கடெலிக் வட்டத்தைச் சேர்ந்த டுவெய்ன் மெக்நைட்டைக் கிட்டாருக்கும், டெட் கென்னடீஸ் குழுவின் டி.ஹெச். பெலிக்ரோவை டிரம்ஸுக்கும் எடுத்தார்கள். இருவருமே பெரிய கைகள்தான், ஆனாலும் ஒட்டவில்லை. அந்தச் சமயத்தில் பெலிக்ரோ தன் நண்பன் ஒருவனை ஃப்ளீக்கு அறிமுகம் செய்தார். 18 வயது. பெப்பர்ஸ் கச்சேரிகளில் முன்வரிசையில் நின்றவன், ஹில்லலின் ஒவ்வொரு கிட்டார் வரியையும் ஃப்ளீயின் ஒவ்வொரு பேஸ் வரியையும் தலைகீழாகத் தெரிந்தவன். அதுதான் ஜான் ஃப்ருஷாந்தே.

அதே 1988 இறுதியில், மிஷிகனில் வளர்ந்த சாட் ஸ்மித் டிரம்ஸ் தேர்வுக்கு வந்தார். தலையைப் பெரிய கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, ஹெவி மெட்டல்காரர் தோரணையில். வாசிக்க ஆரம்பித்ததும் மற்றவர்கள் வாயடைத்துப்போனார்கள். தலையை மொட்டை அடித்துக்கொண்டு வா, சேர்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். முடியாது என்றாராம். அந்தத் திமிருக்காகவே சேர்த்துக்கொண்டார்கள் என்பது அவர்களே சொல்லும் கதை. டிரம்ஸ் பிரச்சினை அன்றோடு தீர்ந்தது.

'மதர்ஸ் மில்க்' (1989) ஆல்பத்தில் ஃப்ருஷாந்தே இன்னும் அவராகவில்லை. தயாரிப்பாளர் மைக்கேல் பைன்ஹார்னுக்குக் கிட்டார் கனமாக, மெட்டல் வாடையோடு வேண்டும். பையனுக்கு அது பிடிக்கவில்லை, கட்டாயத்தில் வாசித்தார். கேட்டாலே தெரியும். அதற்கடுத்தது தலைகீழ். 1991இல் தயாரிப்பாளர் ரிக் ரூபின் இவர்களை லாரல் கேன்யனில் ஒரு பழைய மாளிகையில் குடிவைத்துப் பதிவு செய்த 'பிளட் ஷுகர் செக்ஸ் மேஜிக்'கில் கிட்டார் மெலிந்துவிட்டது. எவ்வளவு வாசிக்காமல் விடலாம் என்று பார்த்திருக்கிறார்கள். ஃப்ளீகூடத் தன் அடையாளமான, நரம்பைக் கட்டைவிரலால் அறைந்து வாசிக்கும் ஸ்லாப் வித்தையைப் பெருமளவு குறைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு பாட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் என் வாதம் புரியும். 'அண்டர் தி பிரிட்ஜ்' முதலில் பாட்டே இல்லை. கீடிஸின் நோட்டுப் புத்தகத்தில் கிடந்த கவிதை. போதையிலிருந்து மீண்ட பிறகும் ஊரில் தனியனாக நிற்பதைப் பற்றியது. இது நம் குழுவுக்கு ரொம்ப மென்மை என்று அவர் ஒளித்து வைத்திருந்ததை ரூபின் பார்த்து, மற்றவர்களுக்குக் காட்டு என்று நச்சரித்தார். கீடிஸ் தயங்கித் தயங்கிப் பாடிக் காட்ட, ஃப்ருஷாந்தே கார்டு தேடினார். வரிகள் இத்தனை சோகமாக இருக்கும்போது கிட்டாரும் அழக் கூடாது என்பது அவர் எண்ணம். அதனால்தான் பாட்டின் உள்ளே மகிழ்ச்சித் தொனி தரும் மேஜர் கார்டுகள், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மெதுவான பாடல்களில் செய்வதுபோல் கார்டுக்குள்ளேயே சின்னச் சின்ன மெட்டு அலங்காரங்கள். முடிவில் வரும் சேர்ந்திசையில் பாடியவர்களில் அவருடைய அம்மாவும் ஒருவர். இந்தப் பாட்டு 1992இல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. வேறொருவர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் வரிகள் இதே வரிகளாக இருந்திருக்கும், பாட்டு வேறாகியிருக்கும்.

அந்த வெற்றிதான் அவரை விரட்டியது. கிளப் குழுவாக இருக்க வேண்டியவர்கள் மைதானக் குழுவாகிவிட்டோம் என்ற அருவருப்பு அவருக்கு. 1992 பிப்ரவரியில் சாட்டர்டே நைட் லைவ் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியின் நேரலையில் இதே பாட்டின் முன்னிசையை ஒத்திகையில் இல்லாதபடி கோணல்மாணலாக வாசிக்க, கீடிஸ் எங்கே நுழைவது என்று தெரியாமல் தடுமாறியதை நாடே பார்த்தது. வேண்டுமென்றே கவிழ்த்தார் என்று கீடிஸ் நினைத்தார். மே மாதம் ஜப்பான் டூரில், கச்சேரிக்குச் சற்று முன்னால், விலகுகிறேன் என்றார். கெஞ்சி அன்று மட்டும் மேடை ஏற்றினார்கள். ஊர் திரும்பியவர் அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் ஹெராயினில் மூழ்கினார். வீடு எரிந்தது, கிட்டார்கள் போயின, பற்கள் போயின.

பிறகு வந்த ஆரிக் மார்ஷலை 1992 லொலாபலூசா இசைவிழா டூருக்காக அவசரமாகப் பிடித்தார்கள். சில வீடியோக்களில் முகம் தெரியும், சிம்ப்சன்ஸ் கார்ட்டூனில்கூடத் தலைகாட்டினார், ஆல்பம் ஒன்றும் வாசிக்கவில்லை. அடுத்து ஜெஸ்ஸி டோபியாஸ், சில வாரங்கள்.

1993 செப்டம்பரில் ஜேன்ஸ் அடிக்‌ஷனின் டேவ் நவாரோ வந்தார். அடுத்த ஆண்டு வுட்ஸ்டாக் '94 இசைவிழா மேடைக்கு நால்வரும் ராட்சத மின்விளக்குக் குமிழ்களைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். பெரிய குழு ஒன்றிலிருந்து பெரிய பெயரோடு வந்தவர் நவாரோ. ஆனால் ஃபங்க் அவர் வளர்ந்த இசை இல்லை, மணிக்கணக்கில் ஜாம் செய்வதும் அவர் பழக்கம் இல்லை. அவர் ஸ்டுடியோவில் கிட்டார் மேல் கிட்டாராக அடுக்கிச் செதுக்குகிறவர். 'ஒன் ஹாட் மினிட்' (1995) வெளிவர இரண்டு வருஷம் இழுத்தது. முந்தைய ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 70 லட்சம் பிரதிகளுக்கான சான்று பெற்றது, இது 20 லட்சத்தோடு நின்றது. தோல்வி என்று முத்திரை குத்திவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இருண்ட, கனத்த, துக்கம் நிரம்பிய ஆல்பம் அது. பாடகர் கர்ட் கோபேனுக்கும் நடிகர் ரிவர் ஃபீனிக்ஸுக்கும் இரங்கல் பாடல்கள் அதில் உண்டு. பெப்பர்ஸிடம் பெப்பர்ஸைத் தேடினால் ஏமாற்றம்தான், தனியாகக் கேட்டால் நல்ல ஆல்பம். ஆனால் அடுத்த ஆல்பத்துக்கு இவர்களிடம் சரக்கு இல்லை என்பது நிஜம். 1997இல் ஏறக்குறைய எல்லாமே ரத்து. ஜப்பானின் முதல் ஃபுஜி ராக் விழாவில் மட்டும், சூறாவளி மழைக்கு நடுவே, பைக் விபத்தில் முறிந்த கையைக் கட்டித் தொங்கவிட்டபடி கீடிஸ் பாடினார். 1998இல் நவாரோ பிரிந்தார்.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் ஃப்ருஷாந்தே சிகிச்சை பெற்று மீண்டிருந்தார். அவர் இல்லாமல் தொடர்வதில் அர்த்தமில்லை என்ற முடிவோடு ஃப்ளீ போய், மறுபடி குழுவில் வாசிக்கிறாயா என்று கேட்டார். அதைவிட மகிழ்ச்சி வேறில்லை என்று சொல்லி அழுதுவிட்டார் ஃப்ருஷாந்தே. கையில் கிட்டார்கூடக் கிடையாது. கீடிஸ் ஒரு 1962 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்கிக் கொடுத்தார். இன்றுவரை அவர் கையில் அதிகம் பார்க்கும் கிட்டார் அதுதான். ஃப்ளீயின் கராஜில் பாடல்கள் பிறந்தன. விரல்களில் பழைய வேகம் இல்லை, அதுவே 'கலிஃபோர்னிகேஷன்' (1999) ஆல்பத்தின் குணமானது. 'ஸ்கார் டிஷ்யூ' பாட்டின் தொடக்கத்தைக் கவனியுங்கள்: கீழ் நரம்பில் ஒன்று, மேல் நரம்பில் ஒன்று, நடுவிலுள்ள நரம்புகளைக் கைவிரலால் அமுக்கி ஊமையாக்கிவிடுகிறார். அந்த இடைவெளிக்குள் ஃப்ளீ நடமாடுகிறார். உலகெங்கும் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற ஆல்பத்தின் முதல் சிங்கிள் இத்தனை குறைவான சுரங்களில் தொடங்குகிறது. (ஒலி அளவை உச்சத்தில் ஏற்றிக் கரகரப்பாக்கி மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்தவர்களை மட்டும் இன்னும் மன்னிக்க முடியவில்லை.)

இதை ராமன் திரும்பி வந்த கதையாகச் சொல்வார்கள். அத்தனை இனிப்பில்லை. 'பை தி வே' (2002) காலத்தில் ஃப்ருஷாந்தே மெலடி, கோரஸ், பழைய பாப் இசை என்று முழு ஆல்பத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஃபங்க் ஓரங்கட்டப்பட்டது. ஃப்ளீ குழுவை விட்டே போய்விடலாமா என்று யோசித்திருக்கிறார். கிட்டார் ஆள் பாதி ஆசிரியராக இருப்பதன் மறுபக்கம் இது. பேசித் தீர்த்துக்கொண்ட பிறகு வந்தது இரட்டை ஆல்பமான 'ஸ்டேடியம் ஆர்கேடியம்' (2006). பில்போர்டு ஆல்பம் பட்டியலில் அவர்களுக்கு முதன்முறையாக முதலிடம். டூர் முடிந்து குழு ஓய்வெடுத்தபோது ஃப்ருஷாந்தே மறுபடி விலகினார். இந்த முறை சண்டை, போதை எதுவும் இல்லை. எலெக்ட்ரானிக் இசை செய்யப் போனார்.

ஜாஷ் கிளிங்ஹாஃபர் வெளியாள் இல்லை. ஃப்ருஷாந்தேவின் நெருங்கிய நண்பர், அவருடைய தனி ஆல்பங்களில் கூட உழைத்தவர், 2007 டூரில் இரண்டாம் கிட்டார் வாசித்தவர். பத்து வருஷம் இருந்தார். 'ஐம் வித் யூ' (2011), 'தி கெட்டவே' (2016) இரண்டும் அவருடையவை. முன்னால் வந்து நின்று சோலோ முழக்குகிற ஆள் இல்லை அவர். பின்னணியில் வண்ணம் பூசுகிறவர், உயர்குரலில் துணைக்குரல் கொடுக்கிறவர். முதல் ஆல்பத்தில் அவருக்குக் கூச்சம் தெரியவில்லை. இரண்டாவதில் தயாரிப்பாளர் டேஞ்சர் மவுஸ் ஏற்கெனவே எழுதி வைத்த பாடல்களை ஓரம் வைக்கச் சொல்லி, ஸ்டுடியோவிலேயே புதிதாகக் கட்டவைத்தார். பியானோவும் துள்ளும் பேஸுமாக வரும் 'டார்க் நெசசிட்டீஸ்' அந்தக் காலத்தின் நல்ல சாட்சி. ரசிகர்களில் பாதிப் பேர் அவரை ஃப்ருஷாந்தே இல்லாத குற்றத்துக்காகவே தண்டித்தார்கள்.

2012 ஏப்ரலில் கிளீவ்லாந்தில், ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழுவைச் சேர்த்தபோது கிளிங்ஹாஃபருக்கு 32 வயது, அதுவரை அங்கே இடம்பெற்றவர்களில் இளையவர். ஹில்லலுக்குரிய மரியாதையை அவர் தம்பி பெற்றுக்கொண்டார். ஐயன்ஸும் மார்ட்டினெஸும் வந்தார்கள், ஃப்ருஷாந்தே வரவில்லை. ஆல்பத்தில் வாசித்திருந்தும் பட்டியலில் பெயரே இல்லாத கிட்டார்காரர்கள் இருவர்: நவாரோ, ஷெர்மன். முதல் ஆல்பம் முழுக்க வாசித்து, இரண்டாவதிலும் எழுத்தில் பங்குள்ளவரை விட்டது அநியாயம் என்றுதான் இன்றும் சொல்வேன். ஷெர்மன் அதை அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார். 2020இல் 64 வயதில் காலமானார்.

2019 டிசம்பரில் இன்ஸ்டாகிராமில் நாலைந்து வரி: கிளிங்ஹாஃபரைப் பிரிகிறோம், ஃப்ருஷாந்தே திரும்புகிறார். கிளிங்ஹாஃபரை ஃப்ளீயின் வீட்டுக்கு அழைத்து நேரில் சொன்னார்கள். கீடிஸ், ஃப்ளீ, ஃப்ருஷாந்தே மூவருக்கும் இடையே உள்ள பழைய உறவோடு தான் போட்டி போட முடியாது என்று பெருந்தன்மையாகவே பேசினார், சீக்கிரமே பேர்ல் ஜாமின் டூர் குழுவில் வாசிக்கப் போய்விட்டார். இசைக்கு அது சரியான முடிவு, நடந்த விதம் கசப்பு. 2022இல் ரிக் ரூபினோடு ஒரே ஆண்டில் இரண்டு ஆல்பங்கள், 'அன்லிமிடெட் லவ்', 'ரிட்டர்ன் ஆஃப் தி ட்ரீம் கேன்டீன்'. பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலாவது முதலிடம் பிடித்தது, இரண்டாவது மூன்றாம் இடம். இரண்டிலும் தேறுகிற பாடல்களைச் சேர்த்து ஒரே ஆல்பமாக விட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

ஃப்ருஷாந்தே இல்லாததைக் கேட்க வேண்டுமா என்றால், கட்டாயம் கேளுங்கள். ஆனால் வரிசைப்படி போக வேண்டாம், முதல் ஆல்பத்திலேயே களைத்துவிடுவீர்கள். 'அப்லிஃப்ட் மோஃபோ' முழுவதும் ஒருமுறை, ஹில்லலின் கை எப்படி இருந்தது என்று தெரிய. அடுத்து 'பிளட் ஷுகர்' கேட்டதும், இடையில் எதையும் நுழைக்காமல், 'ஒன் ஹாட் மினிட்' போடுங்கள். பாடகர் அதே, பேஸ் அதே, டிரம்ஸ் அதே, தயாரிப்பாளரும் அதே ரூபின். மாறியது ஒரு ஆள்தான். மூன்றாவது பாட்டுக்குள் வித்தியாசம் காதில் விழுந்துவிடும். 'கெட்டவே'யை இரவில், நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள், கிளிங்ஹாஃபர் செய்த வேலை ஸ்பீக்கரில் பாதி காணாமல் போய்விடும்.